பட்டாளம் தொகை சொன்னார்

பட்டாளம் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிவிட்டார் என்றால் எங்கள் பணிமனையில் யாரும் இருமக்கூடக் கூடாது. "கியர்லதாண்ணே ஏதோ சத்தம்" என்று டிரைவர் நூறு தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "கியர் இல்ல. வாட்டர் பம்ப்பு பேரிங்கு. பதினாலு முப்பதுக்கு வண்டி ரெடி" என்பார். டிரைவர் விரலை மடக்கி மடக்கி எண்ணி, அது மத்தியானம் இரண்டரை என்று கண்டுபிடிப்பதற்குள் இவர் லாரிக்கு அடியில் போயிருப்பார்.

எங்களுடையது பார்சல் லாரிக் கம்பெனி. நாற்பத்திரண்டு லாரி, ஐந்து மெக்கானிக். ஐந்தில் இவர் ஒருவர்தான் பதினேழு வருஷம் ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவர். அதனால் பெயர் பட்டாளம். சொந்தப் பெயர் என் மேஜையில் இருக்கும் விண்ணப்பப் பாரங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் அதே கம்பெனியின் ஆபீஸ் குமாஸ்தா. சேர்க்கை, லீவு, சம்பளப் பட்டியல் எல்லாம் என் தலையில்.

கிரீஸ் படியப்போகும் உடுப்பைத் தினமும் இஸ்திரி போட்டு அணிந்து வருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "எப்படியும் அழுக்காகப் போகுதே?" என்று கேட்டேன். "அழுக்காகறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருக்குல்ல சார்" என்றார். மதியச் சாப்பாட்டை நான்கே நிமிஷத்தில் முடிப்பார். நாங்கள் டப்பா மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நிற்பார். வீரக்கதை கேட்டு யாராவது வாயைப் பிடுங்கினால் ஏமாந்துதான் போக வேண்டும். "சுட்டிருக்கீங்களா அண்ணே?" என்றால், "நான் வண்டியத்தாம்பா ரிப்பேர் பண்ணேன். சுடறவங்க நேரத்துக்குப் போய்ச் சேரணுமில்ல?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்தபோது எங்கள் மேனேஜர், எல்லோரிடமும் கேட்பதுபோல, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றார். பட்டாளம் திருதிருவென்று விழித்தார். ராணுவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. இந்தப் பதவிக்கு இவ்வளவு, அவ்வளவுதான். கேட்டு வாங்கும் பழக்கமே இல்லாத மனிதர், "நீங்க குடுக்கறது சார்" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் மகிழ்ச்சியோடு பதினெட்டாயிரம் போட்டார்.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பாரத்தில் ஒரு கட்டம் உண்டு: 'தனியார் நிறுவனங்களில் முன் அனுபவம்.' அதில் சைபர் போட்டேன். விதிப்படி அது சரி. பதினேழு வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவருக்கு அனுபவம் சைபர்!

போன வருஷம் ஐந்தாவது மெக்கானிக் வந்து சேர்ந்தார். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒருநாள் டீ குடிக்கும்போது, தான் இருபத்தாறாயிரம் கேட்டு வாங்கிய கதையைக் கூட்டம் கூட்டிச் சொன்னார். அன்று காலையில்தான் டீசல் பம்ப்பைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் பட்டாளத்தைக் கூப்பிட்டிருந்தார். பட்டாளம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப்போனது.

எங்கள் கேஷியர் சும்மா இருக்கக் கூடாதா? "உங்களுக்கென்னங்க குறை? பட்டாளத்துல வீடு ஓசி, சாப்பாடு ஓசி, துணி ஓசி. கூட்டிப் பாத்தா அப்பவே எங்களவிட ஜாஸ்தி வாங்கியிருக்கீங்க."

பட்டாளம் சிரித்தார். "வீடு ஓசிதான். அதுல பன்னெண்டு பேர் படுத்திருந்தோம். என் சம்சாரம் வாடகை குடுத்து வேற வீட்டுல இருந்தா. துணியும் ஓசிதான், என்ன கலர் வேணும்னுதான் யாரும் கேக்கல."

"சரி, கஷ்டம்தான். அதுக்குத்தானே சம்பளம்?"

"ஒண்ணு கேக்கறேன். இந்த வேலை பிடிக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எழுதிக் குடுத்துட்டுப் போவேன்."

"நான் அப்படிக் கிளம்பிப் போயிருந்தா ஓடிப்போனவன்னு பிடிச்சு உள்ள வச்சிருப்பாங்க. பதினேழு வருஷம் போக முடியாம இருந்ததுக்கு மாசம் எவ்வளவு போடுவீங்க? சொல்லுங்க, நீங்கதானே கணக்குப் புலி."

கேஷியர் கிளாஸுக்குள் பார்த்தார்.

"அந்தச் சம்பளத்துல எனக்குக் குறையே இல்ல. தெரிஞ்சுதான் போனேன். ஆனா அங்க கத்துக்கிட்டது இங்க வந்தா மட்டும் எப்படி சைபராகும்? லாரிக்குத் தெரியுமா, அதத் தொடறவன் எங்க வேலை கத்துக்கிட்டான்னு?"

பாரத்தில் நிஜமாகவே ஒரு சைபர் இருப்பதும், அதைப் போட்ட கை என்னுடையது என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி ரெடிமேட் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். பேரத்தில் கரை கண்டவர். சம்பள உயர்வுப் பேச்சுக்குக் குறித்த நாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, இன்னிக்கு அவரு கேக்கப் போறாரு. ஒரு சட்டைக்குக்கூடப் பேரம் பேசத் தெரியாது அவருக்கு. கடைக்காரன் பாவம்னு சொன்ன விலைக்கு மேல பத்து சேத்துக் குடுத்துட்டு வர்ற ஆளு. பேசிப் பேசியே எறங்கி வந்துடுவாரு. அதனால ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கேன். தொகையச் சொல்லுங்க, அப்புறம் வாய மூடிக்கோங்க. நீங்களும் குறுக்க எதுவும் சொல்லிடாதீங்கண்ணே."

பதினொரு மணிக்கு நான் பாரங்களோடு மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தேன். பட்டாளம் உள்ளே வந்தார். "உக்காருங்க" என்றார் மேனேஜர். "பரவாயில்ல சார்." நின்றார்.

"சொல்லுங்க."

"முப்பத்திரண்டாயிரம் சார். புது மெக்கானிக்குக் குடுக்கறது எனக்கும் வேணும். அதுக்கு மேல இருக்கறது என் பதினேழு வருஷத்துக்கு."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் மேனேஜர் கெட்டவரல்ல. ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். அறையில் பேச்சு நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். "என்னங்க இது, எடுத்த எடுப்புல இவ்வளவு?" என்றார். பதில் இல்லை. "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே?" என்றார். நான் பல்லைக் கடித்தேன். பென்ஷன் அவர் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு. இந்த லாரிகளுக்கு அடியில் யார் போவது? சொல்ல நாக்கு துடித்தது. அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

பட்டாளம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, கெஞ்சலில்லை. ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தாலும் முறை வந்தால் காவலுக்கு நிற்க வேண்டும். மழையிலும் பனியிலும் இரண்டு இரண்டு மணி நேரமாக நின்ற மனிதருக்கு, ஃபேன் ஓடும் அறையில் நிற்பது ஒரு வேலையா?

"சரி, இருபத்திரண்டு போட்டுடலாம்." மௌனம். மேனேஜர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "இருபத்தாறு. புது ஆளுக்குச் சமம். நியாயம்தானே?" மௌனம். என்னைப் பார்த்தார். நான் பாரத்தை ஆழ்ந்து படித்தேன். "போன வருஷம் இவர் பாத்த வண்டில எத்தனை வழியில நின்னுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

கேள்வி கேட்டது தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். "இருபத்தொம்பது. இதுக்கு மேல என்னால முடியாதுங்க." பட்டாளம் இமைத்தார், அது ஒன்றுதான் வித்தியாசம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் ஓடியிருந்தது. வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"சரிய்யா! முப்பத்திரண்டு! போட்டுக்கோங்க!" மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அந்த அனுபவக் கட்டத்தையும் திருத்துங்க."

நான் சைபரை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினேன். அடித்த அடியில் பேனா முனை தாளைக் கிழித்தது. எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் என் சொந்தச் சம்பளம் உயர்ந்தபோதுகூட வந்ததில்லை.

"நன்றி சார்" என்றார் பட்டாளம். மேனேஜர் அப்பாடா என்று சாய்ந்தார்.

"அப்புறம் சார், பட்டாளத்துலேர்ந்து வந்தவங்க இங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க. ரெண்டு டிரைவரு, ஒரு வாட்ச்மேன். அவங்களுக்கும் கேக்கத் தெரியாது."

மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் பட்டாளம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.