கட்டார் நேரத்தில் ஒரு கடதாசி

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் வள்ளத்தில் நின்றேன், வவுனியாவில் சீமெந்து குழைத்தேன், பிறகு கட்டாருக்குப் போய் நான்கு வருடம் இருந்தேன். கம்பியூட்டர் வேலை அங்கே தொழிலாளர் முகாமில் ஒரு மலையாளியைப் பார்த்துப் பழகியது. முகாம் மேற்பார்வையாளன் ஒருமுறை இரப்பர்க் குழாயால் என் முதுகில் அடித்தான். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அவனுக்குக் கீழேதான் வேலை செய்தேன். திரும்பி வரும்போது ஒரு பழைய மடிக்கணினி கொண்டுவந்தேன். அதன் மணிக்கூடு கட்டார் நேரத்திலேயே கிடந்தது. இரண்டரை மணித்தியாலம் கூட்டினால் எங்கள் நேரம். கூட்டிப் பழகிவிட்டதால் மாற்றத் தோன்றவில்லை.

ஊரில் புளியங்கூடலில் வேலை கிடைத்தது. வேலை தந்தவரின் ஆட்கள் முன்பு தெற்கில் கடை வைத்திருந்தவர்கள், இப்போது கனடாவில். அவர் மட்டும் வீட்டோடு இருந்து, எங்கள் தீவு ஆட்களுடைய மரண அறிவித்தல்களையும் கோயில் திருவிழாக்களையும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்டும் ஒரு இணையத்தளத்தை நடத்தினார். அதற்கான சேர்வர் வீட்டு அறைக்குள், அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையின் மேல் இருந்தது. கரண்ட் விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் பட்டரிப் பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது.

இணைய வயர் பின்வளவு வேலியால் வந்தது. அந்த வேலிக்கு அங்கால் இருந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. வருடா வருடம் வேலி அடைக்கும்போது வேலிக்கு நட்ட கதிகால் மரம் ஒரு சாண் இந்தப் பக்கம் வரும் அல்லது அந்தப் பக்கம் போகும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கோர்ட்டில் வழக்கு. வயரை றோட்டுப் பக்கத்தால் நேராக இழுத்திருக்கலாம். அந்த வேலிக் கிளுவை மரத்தில் கட்டியதே, வேலி தன்னுடையது என்று காட்டத்தான்.

தளம் ஒவ்வொரு நாளும் ஒருதரம் விழுந்தது. பத்து நிமிடத்தில் தானாக எழும்பும். கனடாவிலிருந்து ஏச்சு பிந்தித்தான் வரும், இவர் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை கிடந்தது.

"ஆரோ கை வைக்கிறான். எத்தினை மணிக்கெண்டு மட்டும் கண்டு சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

நான் மடிக்கணினியைச் சேர்வருக்குப் பக்கத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒருதரம் அதைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். பதில் வந்தால் பேசாமல் இருக்கும். வராவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நான் பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில் போய்விடுகிறவன், அதனால் விழுவதை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. மூன்று நாள் ஓடவிட்டேன். 4:10, 4:12, 4:10. என் தலை உடனே கூட்டிக்கொண்டது: ஆறே முக்கால் அளவில், விளக்கு வைக்கும் நேரம். ஊர் முழுக்க லைட் போடும்போது கரண்ட் குறைகிறதாக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் நின்று பார்ப்போம் என்று, நேரங்களைக் கடதாசியில் எடுத்து அவருடைய கையில் கொடுத்துவிட்டுப் போனேன். இது கட்டார் நேரம் என்று சொல்லவில்லை. நினைவே வரவில்லை.

அடுத்த நாள் விழும்போது சத்தம் போடும்படி நிரலைத் திருத்திக்கொண்டு இருந்தேன். நாலு மணி தாண்டியிருந்தது. பின்வளவில் குழை முறியும் சத்தம் கேட்டது. தம்பிக்காரர் தன் ஆடுகளுக்கு வேலியில் குழை வெட்டினார். நீளமான கொக்கத்தடியின் நுனியில் சத்தகம் என்ற வளைந்த கத்தியைக் கட்டி, எட்டி இழுத்து வெட்டுவார். தினமும் அந்த நேரத்துக்கு அதுதான் அவருடைய வேலை. வயர் அந்தக் கிளையில்தான் கட்டியிருந்தது.

எனக்கு வேலை தந்த அண்ணன்காரர் குசினிப் பக்கம் சாத்தியிருந்த அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போவதை யன்னலால் கண்டேன். பாரமான இரும்புக் கடப்பாரை, கிணறு வெட்டுகிறவர்கள் பாவிப்பது. நான் ஓடிப் போவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. தடி பிடித்த கையில், முழங்கைக்குக் கீழே. பச்சைத் தடி முறிகிற மாதிரித்தான் கேட்டது. தம்பிக்காரர் மற்றக் கையால் கொக்கத்தடியை வீசினார். சத்தகம் அண்ணனின் தோளிலிருந்து மார்பு வரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது அடி அதே கையில். அவர் வேலியோடு விழ, கதிகால்கள் சரிந்தன. விழுந்தவரின் முகத்தில் அண்ணன்காரர் மிதித்தார்.

"நாலு பத்து! நாலு பத்தெண்டு கடுதாசியிலை கிடக்கு, நாயே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னால் இடுப்பில் பிடித்து இழுத்தபடி நேரம் பிழை அண்ணை, நேரம் பிழை என்று கத்தினேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். முன்பல் ஒன்று போனது. தம்பிக்காரரின் மனைவி ஓடி வந்து புருசனுக்கு மேலே விழுந்து படுத்த பிறகுதான் அலவாங்கைப் போட்டார்.

தம்பிக்காரரையும் மனைவியையும் ஓட்டோவில் ஏற்றியது அயலவர்கள். அண்ணன்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பொலிசுக்குப் போன் எடுத்தார். தம்பி வயரை வெட்டினான், கேட்கப் போன தன்னைச் சத்தகத்தால் வெட்டினான், தன்னைக் காப்பாற்றத்தான் அடித்தது, வயர் வெட்டிய நேரத்துக்கு மெசினே சாட்சி. நான் வயரைப் போய்ப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணன்காரர் காயத்துக்கு ஒரு சீலையைச் சுற்றிக்கொண்டு பொலிஸ் வரும்வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வந்து, எழுதி, கடதாசியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் இரத்தம் கழுவக் கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போட்டார். உள்ளே மடிக்கணினி வீரிட்டது. சேர்வர் அணைந்து திரும்ப எழும்பத் தொடங்கியிருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஆறு நாற்பது. மடிக்கணினியில் நாலு பத்து.

தினமும் அந்த நேரத்துக்குத்தான் அவர் குளித்துவிட்டு விளக்கு வைப்பார்.

மோட்டர் கரண்டை இழுக்கும்போதுதான் சேர்வர் அணைகிறது என்று நான் கிணற்றடிக்குப் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. சேர்வர் எழும்பும்வரை நின்றுவிட்டு, மோட்டரை நிற்பாட்டித் திரும்பப் போடச் சொன்னேன். போட்டார். திரும்பவும் வீரிட்டது. மார்பால் இரத்தமும் தண்ணீரும் வழிய நின்றார்.

"உமக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார் கடைசியில். "பொலிசிலை நாலு பத்தெண்டு குடுத்தாச்சு. நீரும் அதைத்தான் சொல்லவேணும்."

"ஏலாது அண்ணை."

"நீர் ஆர்? எங்கை கிடந்து வந்தனீர்?"

பதில் சொல்வதற்குள் வாளிக் கயிற்றால் அடித்தார். இரண்டு மூன்று அடிக்கு மேல் அவருக்கு ஏலவில்லை, காயம் திறந்துவிட்டது. நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

விடிய முதல் பஸ்ஸில் பொலிசுக்குப் போனேன். மடிக்கணினியைத் திறந்து, சுவர் மணிக்கூட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எழுதியவர் முதலில் சிரித்தார். மோட்டர் கதையைச் சொல்லச் சொல்லத்தான் பேனையைக் கையில் எடுத்தார்.

பிறகு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. தம்பிக்காரரின் கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு இருந்தார். சத்தகத்தால் வெட்டிய குற்றத்துக்குக் காவல். கை சுகமானதும் நேரே மறியற்சாலைக்குத்தான் என்று இருந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. வயரில் கை வைக்காதவர் என்று இப்போது பொலிசிலும் எழுத்தில் இருக்கிறது, காவலை எடுப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். மடிக்கணினியையும் நேரத்தையும் கடதாசியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாலு பத்துக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. எல்லாம் நல்லா ஓடிக்கொண்டு இருந்தது."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மனைவி என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: அந்தக் கடுதாசியை எழுதினது நீர்தானோ? ஓம் என்றேன். குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். பொலிஸ்காரர் எழும்பவில்லை. முதல் அடி, பல் போன பக்கத்தில் விழுந்தது. அவருடைய கை ஓயும்வரை நான் நின்றேன்.