இரண்டு முறை கழுவிய டம்ளர்

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னை அழவைத்தது மாமியார் இல்லை, ஒரு காபி டம்ளர். பாதி குடித்திருந்தேன், போன் வந்தது, எழுந்து போனேன். திரும்பி வந்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. என் மிச்சக் காபியைக் காணோம். யார் செய்தது என்று கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை. இந்த வீட்டுப் பெண்களின் கை அப்படி. கண்ணில் பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் தாண்டிப் போகாது. யார் வைத்தது, வேலை முடிந்ததா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. அடுத்தவர் வைத்ததுதானே என்று விட்டுவிட்டுப் போனால் வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வரும். நான் பிறந்த வீட்டில் அவரவர் தட்டை அவரவர் கழுவுவோம். அதனால் எனக்கு இன்றுவரை இதில் எரிச்சல்தான்.

என் நாத்தனாரின் கையும் இங்கே பழகிய கைதான். அவளும் நானும் இன்ஜினியரிங் காலேஜில் ஒரே பெஞ்ச். அவள் அண்ணனை நான் கட்டிக்கொண்டதே அவள் பார்த்த தரகு வேலையால். வீட்டில் ஆள் இருந்தால் “அண்ணி, வாங்க” என்பாள். ஆள் நகர்ந்ததும் “வாடி”. படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, குழந்தை பிறந்து, சென்னை வேலையை விட்டுவிட்டாள். குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். அவள் மாமனார் அங்கே விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கெடு வைத்தார். “ஆடி முடியற வரைக்கும் பாரும்மா. கெடைக்கலன்னா கடையில வந்து உக்காந்துக்க.” அந்தக் கடையில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அது சோற்றுக்கு. அதற்கு மேல் ஒரு கிறுக்கு வேலையும் எனக்கு உண்டு. நாம் போனில் பணமோ செய்தியோ அனுப்பினால் வழியில் யாரும் படித்துவிடாமல் பூட்டி அனுப்ப வேண்டுமல்லவா? அந்தப் பூட்டைச் செய்யும் புரோகிராமை எல்லாரும் புதிதாக எழுதுவதில்லை. யாரோ எழுதி இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் தொகுப்பு ஒன்றை, ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்பார்கள், எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். ஆளுக்கொரு தேசம், யாருக்கும் சம்பளமில்லை. அந்தப் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். “பயோடேட்டாவுல இருக்கிற ஓட்டையை இதைப் போட்டு அடைடி” என்று நான்தான் அவளை இழுத்துவிட்டேன்.

காலை பஸ்ஸில் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள், புரோகிராம் தப்பாகப் போய்ப் பாதியில் நின்றுவிடும் ஓர் இடத்தில், பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி ஒன்று அழிக்கப்படாமல் மெமரியிலேயே கிடப்பதைக் கண்டுபிடித்தாள். அங்கேயே சாவியை அழித்து, அதை வைக்கக் கடன் வாங்கிய மெமரியையும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதி அனுப்பினாள். நான் உறவுக்காரி என்பதால் அதைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டேன். வேறு இருவர் பார்த்து, பாராட்டி, சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்துதான் வீட்டிலிருந்தே வேலை தரும் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அன்று அவள் எங்கள் எல்லாருக்கும் காராபூந்தி வாங்கி வந்தாள்.

இன்டர்வியூவுக்குச் சில நாள் இருக்கும்போது ஓட்டை இருந்தால் சொல்லவென்றே குழு வைத்திருக்கும் ரகசிய முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. முகம் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு செய்தியை அனுப்பினால், எங்கள் லைப்ரரி ஒரே மெமரியை இரண்டு முறை திருப்பிக் கொடுக்கிறது என்றார். முதல் முறை கொடுத்ததும் அந்த இடம் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். இரண்டாம் முறை கொடுத்தால் கணக்கு குழம்பிப் புரோகிராம் விழும். விஷயம் தெரிந்த திருடனாக இருந்தால் அந்தக் குழப்பத்தில் உள்ளேயே புகுந்துவிடுவான். பூட்டுக்கே இந்தக் கதி என்றால் வேறென்ன சொல்ல. எந்த வரியால் வந்தது என்று தேடிப் பார்த்தேன். அவள் எழுதிய வரி.

அவள் சாவியை அழித்தது சரி. மெமரியைத் திருப்பிக் கொடுத்ததுதான் அவள் வேலை இல்லை. அந்த லைப்ரரியில் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும். மெமரியைக் கடன் வாங்கிக் கூப்பிட்ட பகுதியே அதைத் திருப்ப வேண்டும், அதுவும் பின்னால் ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருந்தது. அந்த வழக்கம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அடுத்தவர் வைத்த பாத்திரம் கண்ணில் பட்டது, இவள் கழுவிவிட்டாள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பிழை செய்வார்கள். இந்தப் பிழை எங்கள் வீட்டுச் சமையலறையில் பிறந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? திருத்தம் வெளியாகும் வரை குழுவைத் தாண்டி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் விதி. முன்கூட்டியே கசிந்தால், கதவு திறந்திருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொன்னதாகிவிடும். அவளோ எதிரே உட்கார்ந்து, அந்த வரியைப் பற்றிப் பெருமையாகப் பேச ஒத்திகை பார்க்கிறாள். எனக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றைக் காட்டத் தெரியாது. எதற்கெடுத்தாலும் அவளிடம் எரிந்து விழுந்தேன். “இன்னாடி, மூஞ்சைத் தூக்கி வெச்சினுக்கீற?” என்றாள். எங்களுக்குள் சண்டை என்று நினைத்து மாமியார் சமாதானத்துக்கு வடை சுட்டார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள். கரண்ட் இல்லை. கோட்டைக் குரங்குகள் மாடியில் குதித்துக்கொண்டிருந்ததால் ஜன்னலையும் சாத்தியிருந்தோம். வேர்த்து வழிய அவள் எனக்கு ஒத்திகை காட்டினாள். “புரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன் பாரு” என்று ஒரு டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இதான் மெமரி. நம்மளை வேலைக்குக் கூப்பிட்டவங்க கடன் வாங்கி இங்க வெக்கிறாங்க. உள்ள சாவி இருக்குது. நடுவுல தப்பாயிடுது. நான் வந்து கழுவறேன், கவுத்துடறேன்.” டம்ளரைக் கவிழ்த்தாள். “அப்புறம் கூப்பிட்டவங்க திரும்பி வந்து...”

கை டம்ளரின் மேலேயே நின்றுவிட்டது.

“வந்து, அவங்களும் எடுத்துக் கழுவறாங்க” என்றாள், தனக்குத்தானே. உடனே லேப்டாப்பைத் திறந்து படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் குரங்குச் சத்தம் கேட்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

“உனக்குத் தெரியும்” என்றாள். “தெரிஞ்சிதான் மூஞ்சைத் தூக்கி வெச்சிருந்தியா? சொல்லுடி.”

“நீ கண்டுபுடிச்சதைக் குழுவோட ரகசிய முகவரிக்கு எழுது. அவங்க உன்னை உள்ள சேத்தாதான் நான் பேச முடியும்.”

அவள் முட்டாள் இல்லை. எழுதினால் அந்த விதி அவளையும் கட்டும் என்று அவளுக்குப் புரிந்தது. நாளைக்கு அந்தத் திருத்தத்தைப் பற்றி அவளால் உண்மையும் சொல்ல முடியாது, தெரியாததுபோல நடிக்கவும் மனசு வராது. நாளை மாலை எழுதினால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய் என்று சொல்ல என் நாக்கு துடித்தது, மறைக்க மாட்டேன். ஆடி முடிய அதிக நாள் இல்லை.

கரண்ட் வரும் வரைகூட அவள் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் நெட்டிலேயே எழுதி அனுப்பினாள். “எத்தினி பேர் போன்ல இது இருக்குதோ” என்றாள்.

மறுநாள் மாடி அறையில் இன்டர்வியூ. நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். அந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டதும், இப்போது அதைப் பற்றிப் பேச முடியாது, காரணத்தையும் சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். அதோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைத் தன்னுடையது என்று காட்டுகிறாள் என நினைத்திருப்பார்கள். அந்த வாரமே வேலை இல்லை என்று பதில் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பெனியை, விதியை, பூட்டைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

திருத்தத்தை அவளே எழுதினாள். சாவியை அழிக்கும் வரி அப்படியே இருந்தது, திருப்பிக் கொடுக்கும் வரி போனது. வாங்கியவர்தான் திருப்ப வேண்டும் என்று எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதியும் வைத்தாள். வெளியான அறிவிப்பில் கண்டுபிடித்தவர்கள் என்று அந்த ஆராய்ச்சியாளர் பெயரும், தனியாக அவள் பெயரும் வந்தன. யாரால் பிழை வந்தது என்று போடுவது எங்கள் வழக்கமில்லை. தன் முந்தைய திருத்தத்தால் வந்தது என்று போட்டே ஆக வேண்டுமென அவள் பிடிவாதம் பிடித்தாள். அன்று அதைச் சரிபார்த்துச் சேர்த்த இருவரும், அப்படியானால் தங்கள் பெயரும் வரட்டும் என்றார்கள். பிறகு ரகசிய முகவரியைக் கவனிக்கும் ஆட்களில் ஒருத்தியாக வரச் சொல்லி அவளைக் குழு கேட்டது. சம்பளம் இல்லாத பதவிதான். ஆனாலும் அந்த மெயிலை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் நாங்கள் இருவரும் மேஜையில் இருந்தோம். அவள் வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பாதி குடித்த காபி. மாமியார் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். “உன் மாமனார்தான்மா. ஆடி முடிஞ்சிடுச்சே, எப்ப கடைக்கு வருதுன்னு கேக்கறாரு. இன்னா சொல்ல?” கேட்டுக்கொண்டே, பழக்கதோஷத்தில் டம்ளரை எடுக்கக் கை நீட்டினார்.

அவள் சட்டென்று டம்ளர்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“வெச்சிடும்மா, நான் குடிச்சினு இருக்கேன். போனைக் குடு, நானே பேசறேன்.”

வாங்கி, மரியாதையாக, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். “இல்ல மாமா, கடைக்கு வரல. வேலை தேடிக்கினுதான் இருக்கேன். கெடைக்கிற வரைக்கும் தேடுவேன்.” அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்தபோது ஒரு கை இன்னும் டம்ளர்மேல்தான் இருந்தது.

காபி ஆறிப்போயிருந்தது. கடைசி வாய் வரை குடித்தாள். பிறகு எழுந்து போய் அந்த டம்ளரை அவளே கழுவி வைத்தாள். தொட்டியில் அவள் அண்ணன் போட்டுவிட்டுப் போன தட்டு கிடந்தது. அதைத் தொடவில்லை.