எறும்பு வராத கல்

சுங்கைப் பட்டாணியில் மூன்று சாப்பாட்டுக் கடை வைத்து நடத்தியவள் நான். படித்தது இரண்டாம் வகுப்பு. இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தும் என் கால் விரல் பத்தும் பத்தாகவே இருக்கின்றன. போன மாதம், இனி மாத்திரை போதாது, ஊசிக்கு மாற வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. நான் ஊசியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தேன். நோய் மாறினால் நாமும் மாறவேண்டியதுதான். எறும்பை வைத்தே இந்த நோயைச் சமாளித்த குடும்பம் எங்களுடையது.

மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவினார். அவருக்கும் நெடுநாள் இனிப்பு நீர். முன்பெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் அவருடைய சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சி, நிறத்தைப் பார்த்து, சோறு எத்தனை அகப்பை என்று சொல்வார். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபின் நீல மருந்தும் இல்லை, சோறும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான். "இனிமே எறும்புதான்யா டாக்டரு" என்று டிரஸர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா விடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த தட்டைக் கல்லில் சிறுநீர் கழிப்பார். கொஞ்சம் பொறுத்து அம்மா போய்ப் பார்ப்பாள். எறும்பு மொய்த்திருந்தால் அவருக்கு ஒரு துண்டுக் கிழங்கு, மீதிக்குக் கீரை. மொய்க்காவிட்டால் மூன்று துண்டு.

"மாடு மாதிரி தழையா தின்னச் சொல்றியே!"

"மாட்டுக்குக் காலு அழுகாது. பேசாமத் தின்னுங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. எட்டு வயதிலேயே எனக்கு மூளை அதிகம். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, கல்லின் அடி ஓரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினேன். ஓர் எறும்பு ஏறவில்லை. அப்பாவுக்கு மூன்று துண்டு. தினமும் தூவினேன்.

கொஞ்ச நாளில் அப்பா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். காலில் முள் கீறிய இடம் சீழ் வைத்தது. எறும்பே இல்லாமல் இது எப்படி என்று அம்மா போய்க் கல்லின் அடியைத் தடவினாள். விரலில் சாம்பல்.

"யாருடி போட்டது?"

"அப்பாவுக்குப் பசிக்குதும்மா."

அம்மா ஓங்கிய விறகை அப்பா பிடித்துக்கொண்டார். "அடிக்காத. நாளையிலருந்து இவளே கல்லப் பாத்துச் சொல்லட்டும். பொய் சொன்னா அப்பனுக்குக் காலு போயிடும், தெரிஞ்சுக்கட்டும்."

அதற்கப்புறம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒரு துண்டு, கீரை, காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கால் கழுவல். பிடிவாதமாகச் செய்தோம். புண் ஆறியது.

மறுவருடம் கிழங்கே அருகிப்போனது; ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தால் பெரிது. அப்பாவின் சட்டை கொடியில் தொங்குவதுபோல அவர்மேல் தொங்கியது. ஒருநாள் விடிந்ததும் பார்த்தால் கல்லில் ஓர் எறும்பு இல்லை. அடுத்த நாளும் இல்லை. சாம்பல் தூவாமலே! மூன்றாம் நாள் லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"எங்கப்பாவுக்கு நோய் போயிடுச்சு!"

அம்மா வந்து கல்லின் அடியைத் தடவிப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, தன் பங்குக் கிழங்கையும் அவர் தட்டில் வைத்தாள்.

"எறும்பு வர்ற வரைக்கும் தின்னுங்க."

போய்த் தொலைந்த எறும்பை எதற்காக இவள் திரும்பக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.