பச்சை மூடியும் மட்டாஞ்சேரி ஓட்டமும்

1. மூணுக்கு மேலே

லேபிலிருந்து போன் வந்தபோது மட்டாஞ்சேரி படகுத்துறைப் பக்கம் சாயாக் கடையில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சாகுல் இக்காவுக்கு லித்தியம் மூணுக்கு மேலே காட்டுது."

ரத்தத்தில் அந்த அளவு ஒன்றைத் தாண்டினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். இன்னும் ஏறினால் நோயாளிக்குக் கை நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். மூன்று என்றால் ஆள் நினைவில்லாமல் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. நான் பழம்பொரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு என் பதற்றத்தைப் புரியவைக்க இது போதும்.

இந்த வேலைக்கு வரப்போகும் இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். பைபோலார் நோயில் மனம் சில நாள் வானத்தில் பறக்கும், சில நாள் பாதாளத்தில் கிடக்கும். அதற்கு லித்தியம் என்ற உப்பு சிலருக்கு அற்புதமாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. ஏன் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, அவற்றை நரம்பு செல்களாக வளர்த்து, மேலே லித்தியத்தை விட்டுப் பார்ப்பார்கள். வளர்ப்பது விஞ்ஞானிகள். ரத்தம் கொடுப்பவர்களைக் கெஞ்சி, சமாதானம் சொல்லி, குத்தி எடுப்பது நான். பதவியின் பெயர் ஃபீல்ட் கோஆர்டினேட்டர். தமிழும் மலையாளமும் தெரியுமா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். பயப்படுவாயா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தலைவர் வர்கீஸ் டாக்டரை அழைத்தேன்.

"எடோ மணி, ஓடு! மாத்திரையை இப்பவே நிறுத்தச் சொல்லு. ஆளை ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வா. தாமசம் பண்ணாதே, கேட்டோ!"

ஓடினேன். இந்தத் தொப்பையோடு நான் ஓடியதைப் பார்த்து இரண்டு ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

2. நோயாளி யார்?

சாகுல் இக்கா, அதாவது சாகுல் அண்ணன், மிளகு வியாபாரி; எங்களுக்கு ரத்தம் கொடுக்கும் நோயாளி. கடை வாசலில் நின்று உள்ளங்கையில் மிளகைத் தேய்த்து ஊதிக்கொண்டிருந்தார். நினைவில்லாமல் கிடக்க வேண்டியவர் மிளகு ஊதுவதை நான் கவனித்தேன். ஆனால் என் மூளையில் எண் மட்டும்தான் இருந்தது.

"இக்கா, கையை நீட்டுங்க."

"என்னடா, கைரேகை பார்க்கவும் கத்துக்கிட்டியா?"

நீட்டினார். பிடித்துப் பார்த்தேன். "ஐயோ, நடுங்குது!"

"நடுங்குறது உன் கை, மோனே."

அது உண்மைதான். விட்டுவிட்டேன். நாக்கு குழறுகிறதா என்று பார்க்க, "வேகமா நாலு வார்த்தை பேசுங்க" என்றேன். பேசினார். அச்சில் ஏற்ற முடியாத நாலு வார்த்தை. உச்சரிப்பு சுத்தம். கடைசியாக மூட்டைகளுக்கு நடுவே நேராக நடக்கச் சொன்னேன். அவர் நூல் பிடித்தாற்போல் நடந்தார். பின்னால் போன நான் தராசில் இடறி ஏலக்காய் மூட்டைமேல் விழுந்தேன்.

மூட்டை இறக்குகிற பாபு ஓடிவந்து என் முகத்தில் தண்ணீர் அடித்தான். "இக்கா, சேட்டனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமா?"

"என்னை இல்லடா, இக்காவை!" என்று கத்தி, விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றதும் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மகளுக்கு நிக்காஹ்," என்றார். "முன்னே ஒரு டாக்டர், நல்லாத்தானே இருக்கீங்கன்னு மாத்திரையை நிறுத்தினார். அப்புறம் நான் தூங்கவே இல்லை. கடையில இருந்த கிராம்பையெல்லாம் ரோட்டுல போறவனுக்கு மூட்டை மூட்டையா அள்ளிக் கொடுத்தேன். என்னைப் பிடிச்சுக் கட்டினாங்க. என் மகள் வாசல்ல நின்னு பார்த்தா. மறுபடி அவ கல்யாணப் பந்தல்ல அதைப் பார்க்கணுமா?"

இக்கா தாமே கையை நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் செய்யலைடா. மறுபடி ரத்தம் எடு. அப்பவும் மூணுன்னா நானே நிறுத்துறேன்."

"எடுக்கிறேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் உட்காரணும்." அன்று நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது. அவரும் ஒப்புக்கொண்டார்.

3. மூடி

பையிலிருந்து சிவப்பு மூடிக் குழாயை எடுத்தேன். இக்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"இன்னைக்கு ஏன் சிவப்பு? நேத்து டாக்டர் ரெண்டு குழாயுமே பச்சையில எடுத்தாரே. நமக்குன்னு ஒரு மரியாதைன்னுல்ல நினைச்சேன்!"

பையிலிருந்து ஒரு பச்சை மூடிக் குழாயை எடுத்து அதன் லேபிளைப் படித்தேன்.

பச்சை மூடிக் குழாய் செல் வளர்க்கும் ரத்தத்துக்கு. ரத்தம் உறையாமலிருக்க அதன் உள்ளே ஒரு மருந்து பூசியிருப்பார்கள். எங்களுக்கு வரும் குழாயில் அது லித்தியம் சேர்ந்த மருந்து. அதில் ரத்தம் பிடித்து லித்தியம் அளப்பது, தராசின் மிளகுத் தட்டிலேயே கல்லை வைத்துவிட்டு மிளகு நிறுப்பதற்குச் சமம். அளவு பார்க்கும் ரத்தம் சிவப்பு மூடிக்குத்தான் போக வேண்டும்.

முந்தின நாள் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட வர்கீஸ் டாக்டர் தாமே ஊசியைப் பிடித்தார். லித்தியத்தின் அருமை பெருமைகளைச் சொற்பொழிவாற்றிக்கொண்டே லித்தியம் பூசிய குழாயில் லித்தியம் பார்க்க ரத்தம் எடுத்தார். பக்கத்தில் குழாய்த் தட்டைப் பிடித்து நின்ற நான் வாயைப் பிளந்து ரசித்தேன். அந்தக் காட்சியின் புகைப்படம் இன்றும் எங்கள் வராந்தாவில் தொங்குகிறது. மூடியின் நிறம் நன்றாகத் தெரியும்.

புது ரத்தத்தின் முடிவு மத்தியானம் வந்தது. பூஜ்யம் புள்ளி ஏழு, இருக்க வேண்டிய அளவுதான். கேஷுவாலிட்டி பெஞ்சில் இக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் வருகிற மனிதரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்.

புது முடிவையும் முந்தின நாள் மூடியின் நிறத்தையும் சொன்னேன். அவர் கேட்டார்: "எடோ, தட்டு பிடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"பின்னே?"

மாத்திரையைத் தொடரச் சொன்னார். அடுத்த மீட்டிங்கில், "குழாய்த் தேர்வில் சிறு விலகல்" என்றார். ஊசி பிடித்த கை யாருடையது என்பதை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். பயங்கரமான எண் வந்தால் முதலில் ஆளைப் பாருங்கள். அப்புறம் குழாயைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஓடத் தோன்றினால் காலடியில் தராசு இருக்கிறதா என்று பார்த்து ஓடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நன்றாக நடந்தது. இக்கா அளவாகச் சிரித்தார், அளவாக அழுதார், கிராம்பு பிரியாணியில் மட்டுமே இருந்தது. மூடிக் கதையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தவர், டாக்டரை முதல் வரிசையில் உட்காரவைத்து, தம் கையாலேயே ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். பச்சை மூடி.

"குடிங்க டாக்டர். ஒண்ணும் ஏறாது."

டாக்டர் பாட்டிலை எடுத்தார். மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் தட்டு பிடிக்கலை சார்," என்றேன்.