வாசித்துக் காட்டும் நிருபர்

திருத்தணியிலிருந்து வரும் அந்தப் பத்திரிகை நிருபர், எழுதியதை எங்களுக்கே வாசித்துக் காட்டி, "சரிங்களா?" என்று கேட்டு, எங்களிடம் ஒரு 'ஆங்' வாங்காமல் எங்கள் அம்மையார்குப்பத்தை விட்டுக் கிளம்பமாட்டார். டிவி விவாதங்களில் பேசத் தொடங்கிய பிறகு ஒரு நாள், எங்கள் விசைத்தறி வேலைநிறுத்தம் என்ன ஆனது என்று அங்கே கேட்டதற்கு, முடிந்துவிட்டதாக அடித்துச் சொன்னார். அதை நம்பிச் சிலர் மறுநாளே தறியை ஓட்டினார்கள். போராட்டம் உடைந்தது.

அடுத்த வாரம் நோட்டும் பேனாவுமாக வந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. நான்தான் கேட்டேன்.

"எங்கள்ல யாராண்ட கேட்டுட்டு அப்பிடி சொன்னீங்க?"

முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"கேமரா பாத்துகினு இருக்கசொல்ல, தெரியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க."

அதன்பின் நாங்கள் கொட்டிய கோபத்தை எல்லாம் எழுதிக்கொண்டார். பழையபடி வாசித்துக் காட்டி, "சரிங்களா?" என்றார்.

ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. ஆனாலும் எங்களில் ஒருவரும் 'ஆங்' என்று சொல்லவில்லை.