கடுகுக்கு ரோஸ் அட்டை

எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. மாங்கூழ் ஆலைக்குப் போகிற அவசரத்தில் மனைவி தாளிக்கிறாள். சடசட, சடசட. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போன அந்தக் காலை பஸ் எங்கே இருந்தாலும் என் கண்முன் வந்து நின்றுவிடுகிறது.

காய்ந்த செடிகளுக்குப் பெயர் எழுதி வைக்கும் இடத்தில் உதவியாளர் வேலை, அதற்குப் பரீட்சை. அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு தீர்ந்துவிடும். தவறினால் சாகும்வரை மாம்பால் பட்டுப் புண்ணாகும் விரல்கள்தான்.

பாடத்தில் செடிகளின் லத்தீன் பெயர்கள். பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று மூன்று பால். கூட வரும் அடைமொழி அந்தப் பாலுக்குத் தக்கபடி வாலை மாற்றிக்கொள்ளும். கறுப்பு ஒன்றுதான், மிளகோடு சேர்ந்தால் நைக்ரம், கடுகோடு சேர்ந்தால் நைக்ரா. நிறமென்றால் மயங்குகிற கவிதைக்காரன் நான், சார்ட் வாங்கி அட்டை வெட்டினேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ், மற்றதற்கு மஞ்சள். பெயருக்கும் அடைமொழிக்கும் அதே நிறம். இரண்டு மாதம் பாயில் பரப்பிப் பரப்பிச் சேர்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பூரித்துப் போனேன், முட்டாள்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. வாயால் கேட்டேன்.

"இன்னாமே, மிளகு?"

"பைப்பர்."

"கறுப்பு? நைகரா, நைக்ராவா, நைக்ரமா?"

"அட்டைய காட்டு."

"நின்னுக்கினு எங்க விரிக்கிறது? சொல்லு."

"கலராச்சும் சொல்லேன்யா. கலரு தெரிஞ்சா சொல்லிடுவேன்."

என் கை கம்பியை விட்டது. இத்தனை நாளும் அவள் சேர்த்தது சொற்களை இல்லை. மஞ்சளோடு மஞ்சளை, ரோஸோடு ரோஸை. பரீட்சைத்தாளோ வெள்ளை.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேறு வழி? செடிக்குச் செடி நிறத்தையே மனப்பாடம் செய்ய வைத்தேன். மிளகு மஞ்சள். கடுகு ரோஸ். நெல் ரோஸ். அரசமரம் ரோஸ். மணத்தக்காளி மஞ்சள்.

"இன்னா சார், பெயின்ட் கடையா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"ஆமா, உங்க வூட்டுக்கு அடிக்கணுமா?" என்றாள் அவள். பஸ் சிரித்தது. அவள் உதடு மட்டும் நிற்காமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சந்திரகிரி தாண்டும்போது பாதிகூட முடியவில்லை.

திருப்பதியில் இறங்கி ஓடினோம். கேட்டில் காவலாளி, "ஜருகண்டி, ஜருகண்டி" என்று சாமி கும்பிட வந்த கூட்டத்தைத் தள்ளுவதுபோல் தள்ளினார். அட்டைக்கட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். வேப்பமரம் வரை போனவள் திரும்பினாள்.

"கடுகு மஞ்சளு, மிளகு ரோஸு! சரிதானேயா?"

கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். கம்பிக்குள் முகத்தை நுழைத்துக் கத்தினேன்.

"மாத்தி! மாத்திச் சொல்றேமே, மாத்தி!"