மணலுக்குள் போன பல்செட்டு

மட்டாஞ்சேரியில் அனந்தநாராயணனைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் மொட்டைமாடியில் என்ன செய்கிறார் என்று புரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. களமசேரியில் ஒரு கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் கற்பித்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கோயில், குளம் என்று ஒதுங்கும் வயதில், உயரமான ஒரு கண்ணாடித் தொட்டியைச் செய்வித்து, நைசான மணலை நிரப்பி, அடியிலிருந்து காற்று ஊத ஒரு மோட்டாரையும் பொருத்திக்கொண்டார். காற்றைத் திறந்துவிட்டால் மணல் உலைத்தண்ணீர் போலக் கொதிக்கும். ஆனால் சுடாது. கையை விட்டால் முழங்கைவரை தண்ணீரில் இறங்குவதுபோல இறங்கும்.

அதில் எதையாவது போட்டு, அது போகிற வழியைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. இரும்பு உலக்கைப் பூண் அடியிலேயே கிடந்தது. தக்கை மேலேயே மிதந்தது. இரண்டுக்கும் நடுவான கனமுள்ளவற்றின் மேல்தான் அவருக்குப் பிரியம். நடுவில் எழும் காற்றுக்குமிழி அதைத் தூக்கும், பாதியில் நழுவவிடும், அடுத்த குமிழி பிடித்துக்கொள்ளும். மேலே வந்து முகம் காட்டிவிட்டு, சுவரோரமாக மணலோடு மெல்ல இறங்கிவிடும். சமையலறையில் எது காணாமல் போனாலும் மனைவி நீலாம்பாள் முதலில் மாடிக்குத்தான் போவாள்.

ஒரு நாள் காலை, யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சிநேகிதர் முகமது இஸ்மாயில் வந்தார். தொட்டிக்குள் ஒரு கொட்டைப்பாக்கு எழுந்து எழுந்து முங்குவதைக் குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் மேல்வரிசைப் பல்செட்டு உள்ளே விழுந்துவிட்டது.

“ஷாரே, என் பல்லு.” பல் போன வாயில் ‘சாரே’ அப்படித்தான் வந்தது.

அனந்தநாராயணனின் முகம் மலர்ந்தது. “கையை விடாதேங்கோ. ரொம்ப நாளா இப்படி வளைஞ்ச சாமான் ஒண்ணு தேடிண்டிருந்தேன்.”

“மோட்டாரை நிறுத்துங்க ஷாரே.”

“நிறுத்தினா மணல் இறுகிடும். அப்புறம் தோண்டணும். கொஞ்சம் பொறுங்கோ, தானே வரும்.”

வந்தது. வானத்தைப் பார்த்து ஒருமுறை இளித்துவிட்டு இறங்கிப்போனது. இஸ்மாயில் பாய்ந்தார், கையில் மணல்தான் மிஞ்சியது. மறுபடி எதிர்ப்பக்கம் எழுந்தது. தொட்டியைச் சுற்றி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் அது முங்கிவிட்டது.

மாடியின் மறுகோடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்த நீலாம்பாள் நிமிர்ந்தாள். “ஏன்னா, அவர் எதுக்கு ஓடறார்?”

“அவரோட பல்லு சுத்திண்டிருக்கு.”

“நன்னாருக்கு. மனுஷன் சாயாவுக்குப் பரிப்பு வடை திங்க வேண்டாமா? எடுத்துக் குடுங்கோ.”

அனந்தநாராயணனுக்கே வெட்கமாகிவிட்டது. குமிழி பெரிதானால் பல் சீக்கிரம் மேலே வருமென்று காற்றை முழுக்கத் திறந்தார். தொட்டி தும்மியது. மணல் ஆளுயரத்துக்கு எழும்பி மூவர் தலையிலும் கொட்டியது. மோட்டாரை நிறுத்தி அடிவரை தோண்டினார்கள். பாக்கு கிடைத்தது, பூண் கிடைத்தது, பல் மட்டும் இல்லை.

“இங்கே வந்து பாருங்கோ,” என்றாள் நீலாம்பாள். வெள்ளை வேட்டியில் காய்ந்துகொண்டிருந்த வடாம் ஒன்றைக் கவ்வியபடி கிடந்தது பல்செட்டு.

இஸ்மாயில் அதைக் கழுவி மாட்டிக்கொண்டு, சாயாகூடக் குடிக்காமல் படியிறங்கினார். இனி வரமாட்டார் என்று அனந்தநாராயணன் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்தில் இஸ்மாயில் மாடியில் நின்றார். கையில் ஒரு மரக்குதிரை.

“இது முங்குமா, மிதக்குமா சாரே?”

“முங்கும்.”

“மிதக்கும்,” என்று சொல்லி, வாயை ஒரு கையால் இறுகப் பொத்திக்கொண்டு, குதிரையை உள்ளே விட்டார் இஸ்மாயில்.